விழத் தெரிந்தவனுக்கு விழுந்த கைதட்டல்

குங்ஃபூ படத்துக்குள் சிரிப்பு நுழைந்த அன்றே அந்தக் கலை செத்துவிட்டதாம். புரூஸ் லீயோடு எல்லாம் முடிந்துவிட்டதாம். பின்னால் வந்த ஜாக்கி சான் வகையறா முழுக்கக் கோமாளித்தனமாம். அதை விசிலடித்து வளர்த்தது ராயபுரம், தண்டையார்பேட்டைத் தரை டிக்கெட் கூட்டமாம். அடிதடியை வேடிக்கையாகப் பார்த்துப் பழகியதால்தான் வடசென்னைப் பையன்கள் கத்தியைக் கையில் எடுத்தார்களாம். அண்மையில் ஒரு மேடையில் சினிமா விமர்சகர் ஒருவர் இப்படிப் பேசியிருக்கிறார். கேட்டவர்கள் கைதட்டியும் இருக்கிறார்கள். திருவொற்றியூரில் பிறந்து இந்தப் படங்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்தப் பேச்சில் ஒரு வரிகூட நிற்காது.

முதலில் புரூஸ் லீ. அவருடைய அப்பா லீ ஹோய்-சுவென், கான்டனீஸ் இசைநாடக மேடையில் பேர் வாங்கிய நகைச்சுவை நடிகர். சிரிப்பு அந்த வீட்டுச் சொத்து. புரூஸ் லீ தானே எழுதித் தானே இயக்கிய ‘வே ஆஃப் தி டிராகன்’ 1972இல் வந்தது. ரோம் நகரத்தில் வந்திறங்கும் நாட்டுப்புறத்து ஆள், மெனு புரியாமல் எதையெதையோ தொட்டுக் காட்ட, மேஜை நிறைய சூப்பாக வந்து இறங்குகிறது. அத்தனையையும் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை தேடுகிறார். அதே படத்தில் கொலோசியத்துக்குள் சக் நாரிஸோடு அவர் மோதுவதைச் சிகரம் என்று விமர்சகர் மெச்சியிருக்கிறார். சிகரம்தான். சூப் குடித்துத் திண்டாடிய அதே ஆள்தான் அங்கே நிற்கிறார் என்பதால்தான் சிகரம். அந்த ஆளைப் பார்த்து முன்பே சிரித்திருக்காவிட்டால், கடைசியில் அவர் முகம் இறுகும்போது நமக்கு நெஞ்சு இறுகியிருக்காது. ஒரு படத்தின் பாதியைக் கும்பிட்டு மறுபாதியை மறைப்பவருக்கு விமர்சகர் என்ற பேர் எதற்கு?

ஜாக்கி சான் விஷயத்தில் சொன்னது இன்னும் மோசம். 1973இல் புரூஸ் லீ இறந்தபின், இயக்குநர் லோ வெய் ஜாக்கியை அடுத்த புரூஸ் லீ ஆக்கப் பார்த்தார். 1976இல் ‘நியூ ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி’ படத்தில் அவரை முறைப்பும் விறைப்புமாக நிற்க வைத்தார். படம் ஓடவில்லை. விமர்சகர் ஏங்குகிற சுத்த சைவக் குங்ஃபூ அதுதான். ஹாங்காங் ஜனங்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து யுவென் வூ-பிங் ‘ஸ்னேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ’, ‘டிரங்கன் மாஸ்டர்’ என்ற இரண்டு படங்களில் அவரை அவர் போக்கில் ஆட விட்டார். அந்தப் போக்கு எங்கிருந்து வந்தது? அப்பா தூதரகத்துச் சமையல்காரர். ஏழு வயதில் பையனைப் பீக்கிங் ஆபரா பள்ளியில் விட்டார்கள். யூ ஜிம்-யுவென் என்ற வாத்தியாரின் பிரம்புக்கடியில் பத்து வருஷம் பாட்டு, குட்டிக்கரணம், வாள்வீச்சு, வேஷம் எல்லாமே ஒரே உடம்பில் ஏறின. நம்மூரிலும் அப்படித்தானே? தெருக்கூத்தில் கர்ணன் சாகப்போகிற ராத்திரியிலும் கட்டியங்காரன் ஜனங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பான். அதற்காகக் கர்ணனுக்குக் கண்ணீர் குறைந்ததா?

கோமாளித்தனம் என்றாரே, அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ‘டிரங்கன் மாஸ்டர்’ படத்தில் குடிகாரக் கிழட்டு குரு ஜாக்கியைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார். கீழே ஒரு வாளித் தண்ணீர். மேலே, கால் பக்கம், ஒரு காலி வாளி. கையில் சின்னஞ்சிறு கிண்ணம். கீழே மொண்டு, வயிற்றை மடக்கி எழுந்து, மேலே ஊற்ற வேண்டும். மறுபடி கீழே, மறுபடி மேலே. அவர் முகம் போகிற போக்கைப் பார்த்துக் கொட்டகையே சிரிக்கும். ஆனால் துடிக்கிற அந்த வயிற்றுச் சதையில் நடிப்பு கிடையாது. 1983இல் வந்த ‘பிராஜக்ட் ஏ’ படத்தில் மணிக்கூண்டு முள்ளைப் பிடித்துத் தொங்குகிறார். கை நழுவுகிறது. இரண்டு துணிப்பந்தல்களைக் கிழித்துக்கொண்டு தரையில் வந்து மோதுகிறார். 1923இல் ஹரால்ட் லாயிட் ‘சேஃப்டி லாஸ்ட்’ படத்தில் கடிகாரத்தில் தொங்கினார். ஜாக்கி விழுந்தே காட்டினார். ஒரு டேக்கில் விழுந்தது போதாதென்று இன்னொரு டேக்கில் விழுந்ததையும் படத்திலேயே ஒட்டினார்.

எங்கள் ஊர் ஏன் கைதட்டியது என்பதற்கு இங்கேதான் பதில் இருக்கிறது. ஹார்பரில் மூட்டை இறக்கியவர்கள், காசிமேட்டில் வலை இழுத்தவர்கள், எண்ணூர் லேலண்டிலும் திருவொற்றியூர் என்ஃபீல்டிலும் ஷிஃப்ட் பார்த்தவர்கள் நிறைந்த ஊர் இது. உடம்பை வைத்துப் பிழைக்கிறவனுக்குத் திரையில் ஓர் உடம்பு உழைக்கிறதா, ஏமாற்றுகிறதா என்பது நொடியில் தெரிந்துவிடும். காலை எங்கே ஊன்றினான், பாரத்தை எந்தத் தோளுக்கு மாற்றினான் என்று பார்க்கிற கண் அது. கேமராவை ஆட்டியும் ஷாட்டை வெட்டியும் அந்தக் கண்ணை ஏய்க்க முடியாது. (ஹாலிவுட் போனபின் ஜாக்கி நடித்த பல படங்கள் எனக்கே பிடிக்காது. வெட்டி வெட்டி ஒட்டியதில் உடம்பு காணாமல் போய்விட்டது.)

இன்னொன்றும் உண்டு. 1982இல் வந்த ‘டிராகன் லார்ட்’ தொடங்கி, படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, எடுக்கையில் தவறிப்போன துண்டுகளை ஜாக்கி காட்ட ஆரம்பித்தார். ‘போலீஸ் ஸ்டோரி’யில் விளக்குச் சரம் சுற்றிய கம்பத்தில் சறுக்கியபோது உள்ளங்கைத் தோல் வெந்துபோனது. ‘ஆர்மர் ஆஃப் காட்’ எடுக்கும்போது மரத்திலிருந்து விழுந்து மண்டை உடைந்தது. வலியை ஒளிக்காத ஹீரோ அவர். ஓங்கிக் குத்திவிட்டுக் கையை உதறி ஊதிக்கொள்வார். கிரேனடியில் சிக்கியவனின் பேர் பேப்பரில் ஒரு மூலையில் வந்தாலே அதிகம் என்கிற ஊரில், வேலையில் பட்ட அடியைத் திரையிலேயே காட்டிய படத்தை ஜனங்கள் எழுந்து போகாமல் நின்று பார்த்தார்கள். இதற்குப் பேர் ரசனைக் குறைவா?

இனி அந்தக் கத்தி. ஜாக்கி படத்தில் கத்தியைத் தூக்குகிறவன் வில்லன். ஹீரோ ஓடுகிறான். ஓட வழியில்லாதபோது கையில் கிடைத்த நாற்காலியை எடுக்கிறான். 1996இல் வந்த ‘ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்’ படத்தில் ஓர் ஏணியை எடுக்கிறான். அடித்து முடித்ததும் ஆளை விட்டால் போதும் என்று கிளம்புகிறான். இவனைப் பார்த்து எந்தப் பையன் ரவுடி ஆனான்? வடசென்னை என்றாலே பட்டாக்கத்தி என்று காட்டியவர்கள் மருந்துக்கும் சிரிப்பில்லாமல்தான் படம் எடுத்தார்கள். அந்தப் படங்களுக்கு எதார்த்தம் என்று பட்டம் கொடுத்ததும் இதே விமர்சகர்கள்தான். ரத்தத்துக்கு மார்க் போட்டுவிட்டு, பழியைச் சிரித்தவர்கள் மேல் போடுகிறார்கள்.

இந்த மண்ணுக்கென்று ஒரு சண்டைக்கலை இருக்கிறது: குத்துச்சண்டை. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டியில் இறங்கினார். வாயாடியும் காலாடியும் எதிராளியைக் கிண்டலடித்தும் ஜெயித்தவர் அவர். அவரையும் கோமாளி என்பார்களா? 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ என்ற குத்துச்சண்டைப் படம் வந்தபோது ஊரே பேசியது ஷபீர் கல்லரக்கல் ஆடிய டான்சிங் ரோஸைப் பற்றித்தான். கையைத் தொங்கப்போட்டு, நெளிந்து வளைந்து, எதிராளியைக் கிறுகிறுக்க வைத்து வூடு கட்டி அடித்த அவன் ஒரே ஒரு சண்டைதான் போட்டான். சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்த சண்டை அது.

ஸ்டீபன் சௌவின் ‘குங்ஃபூ ஹசில்’ படத்தை விமர்சகர் பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தால் இப்படிப் பேசியிருக்க மாட்டார். 2004இல் வந்த அந்தப் படம் நடப்பது ஒரு நெருக்கமான குடிசைக் குடியிருப்பில். தலையில் சோப்பு நுரையோடு ஒருவன் நிற்க, வீட்டுக்காரம்மா தண்ணீரை நிறுத்திவிடுகிறாள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்துக் கிடந்த திருவொற்றியூர்க்காரனுக்கு அந்தச் சிரிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் குடியிருப்பை அடித்து நொறுக்கக் கோடாரிக் கும்பல் வருகிறது. எதிர்த்து நிற்கிற வஸ்தாதுகள் யார்? ஒரு மூட்டை தூக்கும் கூலி, ஒரு தையல்காரர், ஒரு பலகாரம் போடுகிறவர். வாடகைக்கு இருக்கிற ஏழை ஜனத்துக்குள் இத்தனை வித்தை ஒளிந்திருக்கிறது என்று இவ்வளவு மரியாதையாகச் சொன்ன சண்டைப்படம் வேறு எது?

1967இல் திறந்த தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 2020இல் மூடப்பட்டது. விமர்சகர் இளக்காரமாகச் சொன்ன தரை டிக்கெட் இப்போது எங்கேயும் கிடையாது. ஜாக்கி சான் பிடிக்கவில்லை என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. அதில் எனக்குச் சண்டையில்லை. எங்கள் பையன்கள் கத்தி எடுத்ததற்கு எங்கள் சிரிப்புதான் காரணம் என்று சொன்னாரே, அதை மட்டும் அதே மேடையில் ஏறி அவர் திரும்பப் பெற வேண்டும்.