எவர்சில்வர் மூடியிடம் தோற்கும் கேமரா

சென்னையில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடை. கதவில் பெரிய திரை பதித்த ஸ்மார்ட் பிரிட்ஜ் முன்னால் ஐம்பது வயதைத் தாண்டிய தம்பதி நிற்கிறார்கள். "உள்ள என்ன இருக்கு, எது கெடப்போகுதுன்னு போன்லயே காட்டிடும் மேடம். இனிமே உங்க வீட்ல ஒரு தக்காளிகூட வீணாகாது" என்கிறார் விற்பனையாளர். அந்த அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "முந்தாநாள் செஞ்ச கூட்டு எவர்சில்வர் டப்பாவுல மூடி இருந்தா, அதையும் காட்டுமா?" கொஞ்சம் தயங்கிவிட்டு விற்பனையாளர் சொல்கிறார்: "கண்ணாடி பாக்ஸுக்கு மாத்திக்கலாம் மேடம்."

பேச்சு அங்கேயே முடிந்திருக்க வேண்டும். லட்சங்களில் விலை சொல்லும் ஒரு பெட்டிக்கு வசதியாக இருக்கட்டும் என்று, வீட்டில் தலைமுறையாகப் புழங்கும் பாத்திரங்களை மாற்ற வேண்டுமாம். ஆனாலும் ஸ்மார்ட் பிரிட்ஜ் வந்தால் வீட்டில் சாப்பாடு வீணாவது நின்றுவிடும் என்ற நம்பிக்கை படித்த, சம்பாதிக்கிற குடும்பங்களில் பரவிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த வாக்குறுதி புதியதும் அல்ல. 2000-ஆம் ஆண்டிலேயே எல்ஜி நிறுவனம் தென்கொரியாவில் இணைய இணைப்புள்ள பிரிட்ஜை வெளியிட்டது. விலை 20,000 டாலருக்கும் மேல். விற்பனை எடுபடவில்லை. 2016-இல் சாம்சங், உள்ளே மூன்று கேமராக்கள் பொருத்திய பிரிட்ஜை 'ஃபேமிலி ஹப்' என்ற பெயரில் கொண்டுவந்தது. கதவை மூடும்போதெல்லாம் படம் எடுத்துப் போனுக்கு அனுப்பும். 2024-இல் செயற்கை நுண்ணறிவு சேர்ந்தது. கால் நூற்றாண்டு உழைப்புக்குப் பிறகு, அப்போது அதற்கு அடையாளம் தெரிந்த காய்கனி முதலிய புதுப்பொருள்கள் 33. கதவுத் தட்டுகளிலும் பிரீசரிலும் இருப்பவை அதன் கணக்கில் வராது என்று நிறுவனமே குறிப்பிட்டிருந்தது.

அந்த 33-ஐ வைத்துக்கொண்டு ஒரு தமிழ்நாட்டுச் சமையலறையில் என்ன செய்வது? இங்கே குப்பைக்குப் போவது பெரும்பாலும் சமைத்த உணவு. நேற்றைய சாம்பார், மிஞ்சிய பொரியல், அரை டப்பா சாதம், புளித்துப் பொங்கிய தோசை மாவு. எல்லாம் மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரத்துக்குள் இருக்கின்றன. கேமராவுக்குத் தெரிவது பளபளக்கும் வட்டத் தகடு. மூடியைத் திறந்து வைத்தாலும் பயனில்லை. மாவு இன்னும் ஒரு நாள் தாங்குமா, தேங்காய்மூடி பிசுபிசுக்க ஆரம்பித்துவிட்டதா என்பதை மூக்கும் விரலும்தான் சொல்லும். கேமராவுக்கு மூக்கு கிடையாது.

கேமராவுக்குத் தெரியாததைச் செயலியில் நாமே பதிந்துகொள்ளலாம் என்பார்கள். பொருளின் பெயர், வைத்த தேதி, கெடும் தேதி எல்லாவற்றையும். யார் பதிவது? காலையில் மூன்று பேருக்கு டப்பா கட்டி அனுப்பிவிட்டு, வேலைக்கும் கிளம்பும் பெண்தான். வாங்குகிற முடிவில் கணவருக்குப் பங்கு உண்டு. தட்டச்சு செய்கிற வேலை மட்டும் மனைவிக்கு. சமையலறைச் சுமையைக் குறைக்க வந்ததாகச் சொல்லும் கருவி, ஒரு குமாஸ்தா வேலையையும் அவர் தலையில் கட்டுகிறது. எவர்சில்வர் டப்பாவைத் திறந்து பார்ப்பதற்கு இதில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையைப் புரட்டினால் இந்த நம்பிக்கை இன்னும் ஆட்டம் காணும். 2022-இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளில் தலைக்கு ஆண்டுக்கு 55 கிலோ. பணக்கார நாடுகளுக்கும் நடுத்தர வருமான நாடுகளுக்கும் இடையே வீட்டுக் கழிவின் சராசரியில் உள்ள வித்தியாசம் தலைக்கு வெறும் 7 கிலோ. இந்தியாவில் சுமார் 38 சதவீத வீடுகளில்தான் பிரிட்ஜே இருக்கிறது என்றது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது இல்லாத வீட்டைத் தேட வேண்டும். இயந்திரம்தான் தீர்வு என்றால் அந்த நாடுகள் எப்போதோ உருப்பட்டிருக்க வேண்டாமா?

சாப்பாடு வீணாவது பிரிட்ஜுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாததால் அல்ல. அரிசி அளக்கும்போதே "பத்தலைன்னா என்ன பண்றது" என்று ஒரு ஆழாக்கு கூடப் போடுவதால். மலிவாகக் கிடைக்கிறதே என்று நான்கு கட்டுக் கீரை வாங்குவதால். நேற்றைய குழம்பைத் தொடுவது கௌரவக் குறைச்சல் என்று பிள்ளைகளைப் பழக்கியதால். கல்யாண வீடுகளில் இலையோடு மூடி எறியப்படும் இனிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பக்கம் போதாது. கோயம்புத்தூரில் 2014-இல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு, விசேஷங்களில் மிஞ்சும் உணவை வாங்கிப் பசித்தவர்களிடம் சேர்க்கிறது. அதற்கு ஒரு போன் அழைப்பும் வண்டியோடு வரும் தன்னார்வலரும் போதுமானதாக இருக்கிறது.

பிரிட்டனில் வீட்டு உணவு வீணாவதைத் தடுக்கப் பாடுபடும் 'ராப்' அமைப்பு என்ன சொல்கிறது? பிரிட்ஜின் குளிரை 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள் என்கிறது. அங்கே சராசரி வீட்டு பிரிட்ஜ் கிட்டத்தட்ட 7 டிகிரியில் ஓடுவதால் பால் சீக்கிரம் திரிகிறது. திருகினால் சரியாகிவிடும் விஷயம். பழைய பிரிட்ஜிலும் அந்தத் திருகு இருக்கிறது. எவர்சில்வர் டப்பாவுக்குள்ளும் அந்தக் குளிர் போகும்.

ஸ்மார்ட் பிரிட்ஜின் கதவில் உள்ள திரை யாருக்காக என்பதும் இப்போது வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் சாம்சங் அமெரிக்காவில் தன் பிரிட்ஜ் திரைகளில் விளம்பரம் காட்டும் சோதனையைத் தொடங்கியது. காசு கொடுத்து வாங்கியவரின் சமையலறையில் விளம்பரப் பலகை! குறைவாக வாங்கச் சொல்ல வேண்டிய பெட்டி, இன்னும் வாங்கச் சொல்கிறது.

தொழில்நுட்பம் உதவும் இடம் ஒன்று உண்டு. அது குப்பைத் தொட்டி. உணவுக் கழிவை மண்ணில் கொட்டிப் புதைப்பதை 2005-லேயே தடைசெய்த தென்கொரியா, 2013 முதல் கொட்டும் அளவுக்கு ஏற்பக் கட்டணம் வாங்குகிறது. அடுக்குமாடி வளாகங்களில் அட்டையைக் காட்டினால் தொட்டி திறக்கும். போட்டதை எடை போட்டு அந்த வீட்டின் கணக்கில் எழுதும். சென்னை வளாகங்களில் ஒரு கைப்பிடி சோறு கொட்டுபவரும் அரை வாளி கொட்டுபவரும் ஒரே பராமரிப்புக் கட்டணம்தான் கட்டுகிறார்கள். குடியிருப்போர் சங்கங்கள் குப்பைத் தொட்டி பக்கத்தில் ஒரு தராசை வைக்கட்டும். தொடக்கத்தில் கட்டணம்கூட வேண்டாம். எந்த வீட்டிலிருந்து எத்தனை கிலோ வந்தது என்று மாதக் கடைசியில் அந்த வீட்டுக்குச் சீட்டு அனுப்பினால் போதும்.