முதியோர் வீட்டுக் காவலுக்கா?

கோடை விடுமுறை வந்ததும் ஐரோப்பாவில் வாழும் புலம்பெயர் தமிழ்க் குடும்பங்கள் பல கடற்கரைகளுக்கும் மலைநாடுகளுக்கும் புறப்படுகின்றன. ஊன்றுகோலுடன் நடக்கும் அம்மம்மாவோ அப்பப்பாவோ வீட்டைப் பார்த்துக்கொள்ள விடப்படுகின்றனர். "அவையால நடக்க ஏலாது" என்று சொல்லப்படுவது வெறும் சாக்கு.

நடக்க இயலாதோர் விமானப் பயணத்தில் உதவி பெறுவது சட்டம் தந்த உரிமை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 ஆம் இலக்க ஒழுங்குவிதி 2008 யூலை 26 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. இதன்படி ஒன்றிய நாடுகளின் விமான நிலையங்களில் சக்கர நாற்காலி உதவிக்குக் கட்டணம் அறவிட முடியாது. குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக விமான நிறுவனத்திற்கோ பயண முகவருக்கோ அறிவிக்க வேண்டும். சொந்தச் சக்கர நாற்காலியையும் கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம்.

அப்படியாயின் தடை எங்கே உள்ளது? ஒரே நாளில் ஐந்து இடங்களைப் பார்த்துவிடத் துடிக்கும் பயணத் திட்டத்தில் உள்ளது. நாளுக்கு ஓரிடம், நண்பகலில் ஓய்வு, மின்தூக்கி உள்ள விடுதி, வழுக்காத குளியலறை ஆகியன போதும். இவற்றை முன்பதிவின்போதே கேட்டு உறுதிசெய்யலாம்.

பிள்ளைகள் தமிழ் மறந்துவிடுவார்கள் என்று அஞ்சி வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர், நாள் முழுவதும் தமிழ் பேசும் முதியவரை விட்டுச் செல்வது எவ்வகை நியாயம்? ஊரின் நினைவுகளைச் சொல்ல அவர்களுக்கு இன்னும் எத்தனை கோடைகள் எஞ்சியுள்ளன?

பெற்றோரே, இளையோரே! அடுத்த பயணச்சீட்டில் அவர்களின் பெயரையும் பதியுங்கள். திட்டமிடும்போதே அவர்களின் விருப்பத்தையும் கேளுங்கள்.