170 டெஸ்ட்டும் முசலிப் பெடியனும்

றக்பியில எங்களுக்குப் பெரிய பரிச்சயம் இல்லை. மன்னார்த் தீவில பந்து எண்டா உதைபந்துதான். பள்ளிமுனையில கேட்டுப் பாருங்கோ. ஆனாலும் வேல்ஸ் வீரர் அலன் வின் ஜோன்ஸைப் பற்றி இங்க பேச வேணும்போல இருக்கு.

2006 இல் ஆர்ஜென்டினாவுக்கு எதிராக முதல் ஆட்டம், 2023 இல் ஓய்வு. வேல்ஸுக்கு 158, பிரித்தானிய-அயர்லாந்து லயன்ஸுக்கு 12, மொத்தம் 170 டெஸ்ட் ஆட்டங்கள். அது உலக சாதனை. ஆடினது லொக் எண்ட இடத்தில். ஸ்க்ரமில் முன்வரிசைக்குப் பின்னால நிண்டு தள்ளுறது, லைன் அவுட்டில் எழும்பிப் பந்து பிடிக்கிறது, மிச்ச நேரம் முழுக்க ஆக்களை இழுத்து விழுத்துறது. அதில 17 வருசம்! 2021 ஜூனில் யப்பானோட ஆடேக்க தோள்மூட்டு விலகினது. நாலு கிழமையில் தென்னாபிரிக்காவில் லயன்ஸின் கப்டனாக இறங்கினார்.

இந்தக் கதையை 'மனவுறுதி' எண்டு முடிக்கிறதுதான் வழக்கம். எங்கட கண்ணில பட்டது வேற. 2005 இலிருந்து 2023 வரை ஒஸ்ப்ரீஸ் எண்ட ஒரே அணியோட இருந்தார். ஆடிக்கொண்டே சுவான்சி பல்கலைக்கழகத்தில் சட்டம் படிச்சு 2010 இல் பட்டமும் எடுத்தார். அங்கயும் எல்லாம் சரியெண்டில்லை. 2023 பெப்ரவரியில், ஒப்பந்தங்கள் நிச்சயமில்லாததால இங்கிலாந்தோட ஆடமாட்டம் எண்டு வேல்ஸ் வீரர்கள் எச்சரிச்சவை. பேசித் தீர்த்த பிறகுதான் இறங்கினவை. விளையாட்டு ஒரு தொழிலாக இருந்தபடியால்தான் வேலைநிறுத்தம் எண்டு வெருட்டவே முடிஞ்சது.

இலங்கையில்? றக்பி லீக்கில் கண்டி, சீஆர், ஹெவலொக், சீஎச் கழகங்களோட இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகள். உதைபந்திலயும் படையணிகள் இருக்கு. பெரிய பாடசாலையில் படிக்காத பெடியன் நிரந்தரச் சம்பளத்தோட விளையாட இருக்கிற முக்கிய வழி சீருடைதான். தெற்கில் அது ஒரு வேலை. முசலியில், 2007 இல் முள்ளிக்குளத்தை விட்டு எழுப்பப்பட்ட சனத்தின்ர பிள்ளைக்கு? அவன்ர ஊரில்தான் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் இருக்கு. "திறமை இருந்தா நேவிக்கு ஆடலாமே" எண்டு அவனுக்குச் சொல்ல எங்களுக்கு வாய் வராது.

வேற வழி இல்லாமலும் இல்லை. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் செலான் வங்கி வேலையோட வலைப்பந்தாட்டம் ஆடினவ. 2018 இல் இலங்கை ஆசியக் கிண்ணம் எடுத்த அணியில் இருந்தவ, அவுஸ்திரேலியக் கழகத்துக்கும் ஆடினவ. மன்னார் நகரிலயும் வங்கிகளுக்குக் குறைவில்லை. திருவிழாச் சுற்றுப்போட்டிக்குக் கிண்ணமும் ஜேர்சியும் குடுக்கிற நிறுவனங்கள், அதோட வருசத்துக்கு ரெண்டு பெடியளையும் ஒரு பெட்டையையும் வேலைக்கு எடுக்கட்டும். பயிற்சிக்குப் போக நாலு மணிக்கு விடட்டும்.