பிள்ளை வளர்ச்சியைப் படிப்பது எதற்கு?

"பிள்ளை வளர்க்கிறதையும் கம்பசிலை போய்ப் படிக்கிறதோ?" என்று சிரிப்பவர்கள் உண்டு. எங்கள் ஆச்சிமார் எந்தக் கம்பசுக்கும் போகவில்லைத்தான். ஆனால் அவர்கள் செய்தவற்றில் பிள்ளையைத் தாங்கி நின்றது எது என்பதைக் கண்டறிந்து சொல்வதே இந்தப் படிப்பு.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். பிள்ளை வளர்ச்சி பற்றிப் படித்தவற்றுள் என் வேலையில் அதிகம் கைகொடுப்பது ஓர் ஆய்வு. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 பிள்ளைகளை, எமி வேர்ணர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 40 வயது வரை தொடர்ந்து அவதானித்தார்கள். வேர்ணர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜேர்மனியில் சிறுமியாக இருந்தவர்.

வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி, மனநோய் எனப் பல கஷ்டங்கள் ஒன்றுசேர்ந்த வீடுகளிலும் பிள்ளைகள் பிறந்திருந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் பிறர்மேல் அக்கறையும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள். மாறாத அன்போடு கூடநின்ற ஒருவராவது அவர்களுக்கு இருந்தார். அவர் தாயாகவோ தகப்பனாகவோதான் இருக்கவேண்டும் என்றில்லை. பாட்டி, பெரியம்மா, மூத்த சகோதரி, ஆசிரியை என யாராகவும் இருந்தார். மற்றப் பிள்ளைகளிலும், பதின்ம வயதில் தடம்மாறிய பலர் பின்னாளில் படிப்பாலும் தொழிலாலும் நல்ல துணையாலும் நிமிர்ந்தார்கள்.

2009இல் போர் முடிந்த பின்னர், கணவனை இழந்தவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடுபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான்: "தகப்பன் இல்லாத பிள்ளை உருப்படுமோ?"

உருப்படும். யார் இல்லை என்று எண்ணுவதை விட்டு, நாளாந்தம் மாறாமல் யார் இருக்கிறார் என்று பாருங்கள். வேலைக்குப் போகும்போது பிள்ளையை அம்மம்மாவிடம் விடுவது குற்றமில்லை. இன்று ஒரு வீடு, நாளை இன்னொரு வீடு என்று விடுவதுதான் பிள்ளையைக் கலங்கச் செய்யும். சொல்லாமல் ஒளித்துப் போகாதீர்கள். எப்போது வருவேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி வாருங்கள். இரவில் சிறிது நேரம் பிள்ளை கதைப்பதைக் கேளுங்கள். அதற்குக் காசு தேவையில்லை.

மேலும் படிக்க விரும்பினால், இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் முன்பள்ளிக் கல்விப் பாடநெறிகளைத் தமிழிலும் கற்கலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதற்கு நிலையங்கள் உண்டு. வயது போய்விட்டதே என்று தயங்காதீர்கள். இடம்பெயர்ந்த கொட்டிலுக்குள்ளும் பிள்ளையைத் தேற்றி உறங்கவைத்த உங்களுக்கு இந்தப் பாடத்தில் பாதி முன்னமே தெரியும். மீதியையும் படித்தால், உங்கள் ஊர் முன்பள்ளியில் இன்னும் பல பிள்ளைகளுக்கு அந்த 'ஒருவர்' நீங்களாகலாம்.