பூச்சி இல்லாத தோட்டத்தையும் எழுதிக்கொள்ளட்டும்

“கல்லூரி மாணவர்கள் தோட்டம் தோட்டமாக வந்து பப்பாளி மாவுப்பூச்சி இருக்கிறதா என்று கணக்கெடுக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் பூச்சியே கிடையாது. இவர்களை உள்ளே விடுவதால் என்ன பயன்?”
- வாசகி, உடுமலைப்பேட்டை

தாராளமாக விடுங்கள். ஓர் உயிரினம் எங்கே இருக்கிறது என்பதோடு, எங்கே இல்லை என்பதும் அவர்களுக்கு வேண்டும். இரண்டும் இருந்தால்தான் மழை, வெயில் மாறும்போது அது எந்தப் பக்கம் பரவும் என்று கணிக்கலாம்.

இந்தப் பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2008-ல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எதையும் விடவில்லை. மேலே மாவு போர்த்தியிருப்பதால் மருந்தும் சரியாகப் படாது. அதன் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா என்று தெரிந்திருந்ததால்தான், அதை அடக்கும் எதிரியை அந்தப் பக்கம் தேட முடிந்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ‘அசிரோபேகஸ் பப்பாயே’ என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகே பூச்சி அடங்கியது.

கடைசியாக மருந்தடித்த தேதியை மறக்காமல் சொல்லுங்கள். பலரும் மறைக்கிறார்கள், அப்புறம் அந்தக் கணக்கே தப்பாகிவிடும். வேறு தோட்டத்திலிருந்து நேராக வந்தால், உடையை நன்றாக உதறிவிட்டு வரச் சொல்லுங்கள். மாவுப்பூச்சிக் குஞ்சுகள் துணியில் ஒட்டிக்கொண்டும் வரும்.