உழைக்கும் ஊரில் ஓட்டு வேண்டும்

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களிலிருந்து இறங்குவோர் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள். இந்தியும் ஒடியாவும் அதே அளவுக்குக் காதில் விழுகின்றன. இந்த வடமாநிலத் தொழிலாளர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் பேச்சு எழும்போதெல்லாம், ‘வெளியாட்களுக்கு இங்கே என்ன ஓட்டு?’ என்ற எதிர்ப்பும் எழுகிறது. அந்த எதிர்ப்பு தவறு. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழர்கள் பட்டு அறிந்திருக்கிறோம்.

இலங்கை மலையகத் தமிழரின் தலைவராக விளங்கிய சவுமியமூர்த்தி தொண்டமான் 1913இல் இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை கருப்பையா பிழைப்பு தேடி இலங்கை மலையகம் போய், கூலி வேலையில் தொடங்கி, வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். சிறுவயதில் தந்தையிடம் போய்ச் சேர்ந்த மகன், தோட்ட முதலாளியாக இருந்துகொண்டே தொழிலாளர் பக்கம் நின்றார். இலங்கை இந்தியக் காங்கிரசின் தலைவரானார். 1947இல் நுவரெலியாவில் வென்று நாடாளுமன்றம் சென்றார்.

மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949இல் ஓட்டும் பறிபோனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. தோட்டத்து லயன் வீடுகளில் இருந்தவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை; ஓட்டில்லாதவரைக் கேட்க வேண்டிய கட்டாயம் எந்த அரசுக்கும் இல்லை. தொண்டமான் மக்கள் வாக்கில் மறுபடி வெல்ல 1977 வரை காத்திருக்க நேர்ந்தது. 1978இல் அவர் அமைச்சரான பிறகே, மலையக மக்களின் குடியுரிமைக் கோரிக்கை ஆட்சிக்குள்ளிருந்து ஒலித்தது.

ஓசூரில் உழைப்போரோ இந்தியக் குடிமக்கள். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் வழக்கமாக வசிக்கும் தொகுதியில்தான் அவர் பெயர் பதிவாக வேண்டும். கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போன தமிழர்கள் அங்கே வாக்காளர்களானார்கள். தமிழர்களையே கர்நாடக சட்டமன்றத்துக்கும் அனுப்பினார்கள். அங்கே நமக்குக் கிடைத்ததை இங்கே பிறருக்கு மறுப்பது நியாயமல்ல.

கூண்டோடு பெயர்களைச் சேர்த்துத் தேர்தல் முடிவை மாற்றிவிடுவார்கள் என்ற உள்ளூர் மக்களின் அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. அதற்கு மருந்து சரிபார்ப்பு. ஒருவர் பெயர் இரண்டு தொகுதிகளில் இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இங்கே சேர்க்கும்போது சொந்த ஊர்ப் பட்டியலில் நீக்கினால் போதும்.

வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் ஆலை விடுதிகளுக்கும் வாடகை அறைகளுக்கும் நேரில் போக வேண்டும். விடுதி முகவரிக்குச் சான்று தர நிறுவனங்கள் மறுக்கக் கூடாது. சொந்த ஊரிலேயே ஓட்டை வைத்துக்கொள்ள விரும்புவோருக்குத் தேர்தல் நாளில் சம்பளத்துடன் விடுப்பு தர வேண்டும். குடிநீர் வராத தெருவில் குடியிருப்பவரைத் தேடி கவுன்சிலர் வரவேண்டுமென்றால், அவர் கையில் ஓட்டு இருக்க வேண்டும். அடுத்த பட்டியல் திருத்தத்துக்குள் கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகம் இதைச் செய்து முடிக்கட்டும். எல்லாக் கட்சிகளும் துணை நிற்கட்டும்.