இரவல் உருவம்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

கணிப்பொறியில் விண்வெளிப் பயணம் போவது கல்வியா, விளையாட்டா? நம் மாணவ நண்பர்களிடையே இதில் இரண்டு கட்சிகள் உண்டு. என்னைக் கேட்டால், அது கல்விதான் என்பேன். ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனை என்ன என்று சொல்லவே இக்கட்டுரை.

செலஸ்டியா என்றொரு சிமுலேட்டர், அதாவது விண்பயணப் பாவனை நிரல், 2001-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கிறது. என் அக்காள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது அரசு கொடுத்த மடிக்கணினியில் அது நன்றாகவே ஓடுகிறது. அக்காள் மேலே படிக்கவில்லை. அவள் நூற்பாலைக்குப் போனாள். கணினி எனக்கு வந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே இலட்சக்கணக்கான சிறுகோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன. நான் முதலில் போய்ப் பார்த்தது வெஸ்டா. 1807-இல் ஜெர்மானியரான ஓல்பர்ஸ் கண்டுபிடித்தது. குறுக்களவு சுமார் 525 கி.மீ. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அது தொலைநோக்கியில் ஓர் ஒளிப்புள்ளிதான். 1990-களில் ஹபிள் தொலைநோக்கி எடுத்த படங்களில் மங்கலான ஓர் உருவமும், தென்பகுதியில் ஒரு பெரும்பள்ளமும் தெரிந்தன. பிறகு நாசாவின் டான் விண்கலம் 2011 ஜூலையில் அதை அடைந்து, 2012 செப்டம்பர் வரை சுற்றிச் சுற்றிப் படமெடுத்தது. அந்தப் பள்ளத்தின் அகலம் சுமார் 500 கி.மீ. என்றும், அதன் நடுவே எவரெஸ்ட்டைப் போல் இரு மடங்குக்கு மேல் உயர்ந்த ஒரு மலை நிற்கிறது என்றும் அப்போது தெளிவாகத் தெரிந்தது.

இதில் என் மனத்தைத் தொட்ட செய்தி வேறொன்று. டான் போய்ச் சேர்ந்தபோது வெஸ்டாவின் வடதுருவத்தில் குளிர்காலம். அப்பகுதி இருளில் கிடந்தது. ஆகவே முதலில் வந்த நிலப்படங்களில் வடதுருவப் பகுதி விடுபட்டிருந்தது. பக்கத்தில் உள்ள பள்ளங்களைப் பார்த்து நாலு பள்ளங்களை வரைந்து நிரப்ப அவர்களுக்குத் தெரியாதா? நிரப்பவில்லை. பார்க்காததைப் பார்த்ததாகக் காட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு அது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1988 பிப்ரவரி 17 அன்று நம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்திலிருந்து ஆர். இராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். 4130 என்ற எண் பெற்ற அதற்குக் கணிதமேதை இராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது. கும்பகோணம் அரசு கல்லூரியில் மற்றப் பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்த அதே இராமானுஜன்! அவர் பெயர் கொண்ட கோளை என் கணினியில் நானே சேர்த்துவிட வேண்டும் என்று ஆசை பிறந்தது.

செலஸ்டியாவில் அதற்கு வழி உண்டு. ஒரு சிறு கோப்பில் சுற்றுப்பாதையின் எண்களை எழுதி வைத்தால் போதும். பாதையின் அளவு, அது எவ்வளவு நீள்வட்டம், எவ்வளவு சாய்வு, எத்திசை நோக்கியது, குறித்த நாளில் கோள் எங்கே இருந்தது என்பவை அந்த எண்கள். இவை யாரோ கற்பனை செய்தவை அல்ல. பல இரவுகள் வானத்தைப் படமெடுத்து, அளந்து, கணக்கிட்டுப் பெற்றவை. நானும் கெப்ளரின் மூன்றாம் விதியைக் கொண்டு சரிபார்த்தேன். வெஸ்டாவுக்கு 2.36 வானியல் அலகை மும்மடிப் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் 3.63 ஆண்டு வருகிறது. வகுப்பில் மனப்பாடம் செய்த விதி கண்முன்னே சுழன்றபோது அடைந்த மகிழ்ச்சி சொல்லில் அடங்காது.

அடுத்து, ஆரம் எவ்வளவு என்று எழுத வேண்டும். ஒளியைக் கொண்டு கணக்கிட்டேன். ஆனால் வெளுத்த சிறிய கல்லும் கறுத்த பெரிய கல்லும் தூரத்திலிருந்து ஒரே அளவு ஒளிரும். நூற்றுக்கு ஐந்து பங்கு ஒளியைத் திருப்பும் என்று கொண்டால் ஒரு குறுக்களவு. இருபத்தைந்து பங்கு என்று கொண்டால் அதில் பாதிக்கும் குறைவு. நடுவில் ஒன்றை எடுத்து எழுதினேன். பிறகு உருவம். இராமானுஜன் கோளுக்கு எந்த விண்கலமும் போனதில்லை. ஆகவே, பெயர் தெரியாத சிறுகோள்களுக்கெல்லாம் பொதுவாக நிரலில் வைத்திருக்கும் ஒரு கரடுமுரடான உருளைக்கிழங்கு உருவத்தை எடுத்து மாட்டினேன். திரையில் பார்த்தால் அத்தனை அழகு! மேடு, பள்ளம், நிழல் எல்லாம் இருந்தன.

இரவு வேலை முடிந்து வந்த அக்காள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "ஏண்டா தம்பி, இவ்ளோ கிட்டப் போயா படம் புடிச்சாங்க?" என்றாள். "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? விளக்கச் சோம்பல் ஒரு காரணம். அவள் வியப்பைக் கெடுக்க மனமில்லாதது இன்னொன்று. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டில் நான் சொல்வதுதான் அறிவியல். அது சரியா தவறா என்று பார்க்க அங்கே வேறு ஆள் இல்லை. அப்படிப்பட்டவனுக்குப் பொறுப்பு கூடுமா, குறையுமா?

அப்போதுதான் என் செய்முறை ரெக்கார்டு நோட்டு நினைவுக்கு வந்தது. முதலாம் ஆண்டில் கூட்டு ஊசல் சோதனையில் புவிஈர்ப்பு முடுக்கம் எனக்கு 9.4 வந்தது. மூத்த மாணவர் ஒருவரின் நோட்டைப் பார்த்து அலைவு நேரங்களைத் திருத்தி 9.79 ஆக்கினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. என் ஊசல் நடந்த பாதை ஒன்று. அதற்கு நான் மாட்டிய உருவம் வேறொன்று. நண்பர்களே, நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், நான் ஒருவன்தானா இப்படி?

தெரியாததை நிரப்பாமல் மாதிரியே செய்ய முடியாது என்று சிலர் வாதிடலாம். உண்மைதான். நிரப்புவதை நான் குறை கூறவில்லை. நிரப்பிய இடத்தைச் சொல்லாமல் விடுவதைத்தான் குறை கூறுகிறேன். இதுவே நான் சொன்ன நிபந்தனை: எது அளந்தது, எது இரவல் என்று பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தால் பாவனை நிரல் ஒரு சோதனைச்சாலை. தெரியாவிட்டால் வெறும் பொம்மலாட்டம்.

பேராசிரியப் பெருமக்களிடம் பணிவோடு ஒரு வேண்டுகோள். 9.4 கண்டவன் 9.4 என்றே எழுதி, பிழை எங்கே நேர்ந்திருக்கலாம் என்று நாலு வரி சேர்த்தால், அந்த நாலு வரிக்கு மதிப்பெண் கொடுங்கள். விடைக்கு மட்டும் மதிப்பெண் உள்ளவரை, நாங்கள் விடையைத்தான் செய்வோம். சோதனையைச் செய்ய மாட்டோம்.

மறுநாள் கோப்பைத் திறந்து உருளைக்கிழங்கு உருவத்தை நீக்கினேன். இப்போது இராமானுஜன் கோள் மேடுபள்ளமில்லாத ஒரு வெறும் உருண்டை. அக்காளைக் கூப்பிட்டுக் காட்டி, நான் சொன்னது பொய் என்றும், பாதை மட்டுமே மெய் என்றும் சொன்னேன். "முன்னாடி இருந்ததுதான் நல்லா இருந்துச்சு" என்றாள். சற்று நேரம் கழித்து, "அப்ப நெசமா அது எப்படித்தான் இருக்கும்?" என்று கேட்டாள்.

அழகான அந்தப் பொய்யைப் பார்த்தபோது அவளுக்கு இந்தக் கேள்வி எழவில்லை.